பழைய கல்லுக்கட்டு கலிங்கும் குளமும்: மழைக்கு முன்னாடி ஊர்க்காரங்க என்னென்ன பாக்கணும்

குளம்னாலே நம்மாளுங்களுக்கு தூர்வாருறது மட்டும்தான் ஞாபகம் வரும். ஜேசிபி வரும், ரெண்டு நாள் மண்ண அள்ளும், போட்டோ எடுப்பாங்க, வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடுவாங்க, அதோட முடிஞ்சது. ஆனா குளம் உடையிறது மண்ணு மேடிட்டதால மட்டும் இல்லங்க, பெரும்பாலும் ரெண்டே காரணம்தான், ஒண்ணு கலிங்கு (குளம் நிரம்புனதும் மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கல்லுக்கட்டு) அடைச்சுக்கிட்டு தண்ணி கரை மேல ஏறி வழியும், இல்லன்னா கரைக்குள்ளயோ மடை (வயலுக்கு தண்ணி தொறந்து விடுற வழி) ஓரத்துலயோ கசிஞ்சு கசிஞ்சு உள்மண்ண அரிச்சிடும். அதனால காசும் ஆளும் கொஞ்சமா இருந்தா மொதல்ல கலிங்கு, அடுத்து மடை, அப்புறம் கரை, தூர்வாருறது கடைசி.

இத கவர்மெண்ட் பாத்துக்கும்னு விட்டுட முடியாது. 2021ல வந்த அணை பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல உயரமான அணைக்கும், 10ல இருந்து 15 மீட்டருக்குள்ள சில நிபந்தனைக்கு உட்பட்ட அணைக்கும்தான். நம்ம ஊரு கல்லு தடுப்பணை, குளத்துக் கலிங்கு எல்லாம் அதுல வராது. 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு (குளத்துத் தண்ணி பாயிற நிலம்) மேல இருந்தா நீர்வளத்துறை, கம்மியா இருந்தா பஞ்சாயத்து யூனியன், அவங்ககிட்ட இருக்குற ஆளுக்கு ஒவ்வொரு குளத்தையும் நடந்து பாக்குறது எங்க முடியும்.

சரி, கலிங்குல இருந்து ஆரம்பிப்போம் (தெக்கத்தி ஆளுங்களுக்கு மறுகால்). குளம் காஞ்சிருக்குற சித்திரை வைகாசியிலயே போய் பாருங்க, தண்ணி நிக்கும்போது அடிப்பக்கம் ஒண்ணும் தெரியாது. ஒரு சின்ன சுத்தியல் எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு கல்லா தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வந்தா கல்லு நல்லா உக்காந்திருக்கு, பொத்துன்னு வந்தா பின்னாடி காரை (கல்ல ஒட்டிப் பிடிக்கிற சாந்து) போயிருச்சுன்னு அர்த்தம், அந்தக் கல்லுல சாக்பீஸ்ல ஒரு புள்ளி வைங்க. இப்படி தட்டிக்கிட்டே ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் போனா, எந்த இடத்துல புள்ளி கூட்டமா இருக்கோ அங்கதான் வேலை. ஏதாவது கல்லு மத்ததவிட வெளிய துருத்திக்கிட்டு நிக்குதா, மேல்வரிசை நேர் கோடா இருக்கா இல்ல நடுவுல வளைஞ்சிருக்கான்னு ஒரு நூல கட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

வெடிப்பு இருந்தா உடனே பூசிடாதீங்க. மொதல்ல அது பழைய வெடிப்பா, இன்னும் விரியிற வெடிப்பான்னு தெரியணும். வெடிப்புக்கு குறுக்க சுண்ணாம்புல ஒரு சின்ன பட்டை பூசி அதுமேல தேதி எழுதிட்டு ஒரு மழைக்காலம் விடுங்க, பட்டை உடைஞ்சிருந்தா அஸ்திவாரம் அசையுது, அது கொத்தனார் வேலை இல்ல, இஞ்சினியர கூப்பிடணும்.

இப்ப காரை. இதுலதான் ஊர் ஊரா தப்பு நடக்குது. நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டுன கலிங்கு எல்லாம் சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்), மணல் போட்ட காரை, 1895ல முடிஞ்ச முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பு சுர்க்கிக் கட்டுதான். அந்தக் காரை மேல சிமெண்ட பூசுனா பாக்க பளிச்சுன்னு இருக்கும், ஆனா சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும், வெயில்லயும் தண்ணியிலயும் ரெண்டும் ஒண்ணா வேலை செய்யாது, சில வருஷத்துல தகடு தகடா பேந்துக்கிட்டு வரும், வரும்போது பழைய கல்லோட முகத்தையும் சேத்து பிச்சிக்கிட்டு வரும். அதனால பழைய மாதிரியே செய்ங்க. இடுக்குல இருக்குற செத்த காரைய, இடுக்கு எவ்வளவு அகலமோ அதுல ரெண்டு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுத்து, தூசிய கழுவி, கல்ல நல்லா நனைய விட்டு, நீத்த (தண்ணி ஊத்தி தணிச்ச) சுண்ணாம்பும் செங்கல் தூளும் மணலும் சம பங்கு போட்டு அரைச்ச காரைய உள்ள குத்தி அடைக்கணும். கடுக்காய்த் தண்ணி, பனவெல்லம் சேக்குற கொத்தனாருங்க இன்னும் இருக்காங்க, கெடைச்சா விடாதீங்க. அடைச்சதும் ஈரச் சாக்கு போட்டு பத்து நாளாவது காயாம பாத்துக்கணும், வைகாசி வெயில்ல ஒரு மதியம் சாக்கு காஞ்சாலே காரையில பொடி வெடிப்பு விழுந்திடும். சுண்ணாம்பு இறுக ரொம்ப நாள் எடுக்கும், ஐப்பசி மழைய மனசுல வச்சுக்கிட்டு ஆடிக்குள்ள முடிச்சிடுங்க.

இன்னொரு விஷயம், ரொம்ப பேருக்கு இது தலைகீழா தோணும். அடைக்க வேண்டியது தண்ணி நிக்கிற பக்கத்து இடுக்க. வெளிப்பக்கம் கல்லு விழுற மாதிரி இருந்தா மட்டும் சரி பண்ணுங்க, ஆனா கசியுது பாரு கசியுது பாருன்னு வெளிப்பக்க இடுக்கையும் கசிவு ஓட்டையையும் மொத்தமா அடைச்சிடாதீங்க. உள்ள புகுந்த தண்ணிக்கு வெளிய போக வழி இல்லன்னா அது கட்டுக்குள்ளயே நின்னு தள்ளும், அடியில இருந்து தூக்கும். பெரியாறு அணை முடிஞ்ச அதே 1895ல பிரான்ஸ்ல பூஸேன்னு ஒரு கல் அணை உடைஞ்சு ஊரையே அடிச்சிட்டுப் போச்சு, உள்ள புகுந்த தண்ணி அப்படி தூக்கும்னு இஞ்சினியருங்க கணக்குல எடுத்துக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

கல்லு இடுக்குல மொளைக்கிற அரசங்கன்னு ஆலங்கன்னு பத்தி சொல்லவே வேணாம். வெரல் தண்டி இருக்கும்போதே வேரோட பிடுங்கிடுங்க. பெருசாயிடுச்சுன்னா இழுக்காதீங்க, கல்லும் கூட வரும். அடியில வெட்டிட்டு திரும்பத் திரும்ப துளிர்க்கிறத கிள்ளிக்கிட்டே இருந்தாதான் வேர் சாகும், செத்தப்புறம் அந்த எடத்த கழட்டி கட்டணும்.

கலிங்கு மேல வரிசையா குத்துக்கல்லு நட்டிருப்பாங்க பாருங்க, மழை முடியிற நேரத்துல அதுக்கு நடுவுல பலகையும் வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடைச்சு இன்னும் கொஞ்சம் தண்ணி பிடிக்கிறதுக்கு. பெரிய மழை போயிடுச்சுன்னு உறுதியானாதான் அடைக்கணும். அத நிரந்தரமா கான்கிரீட் போட்டு அடைச்சிட்டா தண்ணி வெளியேற வழிய நாமளே சுருக்கிட்டோம்னு அர்த்தம், அப்புறம் கரைதான் உடையும். மீன் குத்தகை எடுத்தவங்க மீன் போயிடக்கூடாதுன்னு வலை கட்டுவாங்க, அதுல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சிக்கி ஒரு ராத்திரியில சுவரு மாதிரி ஆயிடும், மழை சீசன்ல வலை கூடாதுன்னு குத்தகை பேசும்போதே எழுதி வாங்கிடுங்க, அப்புறம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

வெள்ளம் போனதும் கலிங்குக்கு கீழ இருக்குற கல் தளத்த பாருங்க. தண்ணி விழுந்து விழுந்து அங்க குழி பறிக்கும், ஒரு நீட்டக் கம்பிய விட்டுப் பாத்தா தளத்துக்கு அடியில காலியா இருக்கான்னு தெரியும். திருச்சி பக்கம் முக்கொம்புல 1836ல கட்டுன மேலணையோட கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அடிச்சிட்டுப் போச்சே, ஓடுற தண்ணி முன்னாடி எவ்வளவு பழைய பெருமையும் நிக்காது.

மடைக்கு வருவோம். கரைய குறுக்க துளைச்சிக்கிட்டு போற ஒரே எடம் அதுதான், அதனால அதோட ரெண்டு ஓரமும்தான் கரையிலயே வீக்கான எடம். ஷட்டர வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது முழுசா ஏத்தி எறக்கி, திருகுக் கம்பிக்கு கிரீஸ் போடுங்க, அவசரத்துக்கு தொறக்க வேண்டிய நேரத்துல துரு புடிச்சு நிக்கிற மடை ஒண்ணுக்கும் ஆகாது. தொறந்தா தண்ணிய மெதுவா எறக்குங்க, ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல வேணாம், சட்டுன்னு எறக்குனா ஊறிப்போன உள்சரிவு அப்படியே வழுக்கி உள்ள விழும். தண்ணி ஓடுற மடை பக்கத்துல யாரும் குளிக்கக்கூடாது, உறிஞ்சி இழுத்திடும். மடைக்குள்ள இறங்கி அடைப்பு எடுக்குறது காஞ்ச காலத்துல மட்டும்தான், அப்பவும் தனியா இல்ல.

கரைய வெளிப்பக்க அடிவாரத்துல நடந்து பாக்கணும், மேல பைக்குல போறது பாக்குறது ஆகாது. எலி வளை, நண்டு வளை இருந்தா வாய மட்டும் மூடாம, தோண்டிப் போய் களிமண்ண அடுக்கடுக்கா போட்டு இடிச்சு நிரப்புங்க. சீமைக்கருவேல் சின்னதா இருந்தா பிடுங்கலாம், பெரிய மரத்த வெட்டிட்டு வேர உள்ளயே விட்டா அது மக்கி சில வருஷத்துல ஒரு குழாய் ரெடி ஆயிடும், வேரையும் எடுத்து குழிய இடிச்சு மூடணும். அருகம்புல் இருந்தா தொடாதீங்க, கரைக்கு அதவிட நல்ல போர்வை இல்ல. தூர்வாரும்போது ஜேசிபிகாரர் கரையடியில கைய வைக்காம பாத்துக்குங்க, வண்டல் வேணும்னா தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கி குளத்து நடுவுல எடுக்கட்டும்.

கசிவுன்னு ஒண்ணு எல்லா பழைய கட்டுலயும் இருக்கும், பயப்பட வேணாம், பெரியாறு அணையிலயே நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு அளந்துக்கிட்டுதான் இருக்காங்க. நீங்களும் அளங்க. கசியிற தண்ணிய ஒரு சின்ன தகரம் வச்சு ஒரே எடத்துக்கு திருப்பி, பக்கெட் நிரம்ப எத்தனை செகண்டுன்னு போன்ல பாத்து, குளத்துல அன்னைக்கு எத்தனை அடி தண்ணின்னும் சேத்து ஒரு நோட்டுல எழுதுங்க. அதே தண்ணிய ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு ராத்திரி முழுக்க அசையாம வைங்க. காலையில அடியில மண்ணு தங்கலன்னா பரவால்ல. மண்ணு தங்குச்சுன்னா, இல்ல தண்ணி மட்டம் ஏறாமலே கசிவு கூடுச்சுன்னா, கரை உள்ளுக்குள்ள கரையுது.

அப்படி கலங்கலா ஊத்து கிளம்புனா அதுமேல களிமண்ண போட்டு அமுக்காதீங்க, பக்கத்துல வேற எடத்துல பீறிட்டு வரும். சுத்தி மணல் மூட்டைய வட்டமா அடுக்கி உள்ள தண்ணி மட்டத்த ஏத்துங்க, அழுத்தம் குறையும், பரவலா கசிஞ்சா மொதல்ல மணல், அதுமேல ஜல்லி போட்டா தண்ணி மட்டும் வெளிய வரும் மண்ணு நிக்கும். அதே நேரத்துல ஒரு ஆளு போன் போடட்டும், மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, விஏஓ நம்பரும் மடை தொறக்குறவர் நம்பரும் எல்லார் போன்லயும் இருக்கணும். கரைக்கு கீழ எந்தெந்த வீடு பள்ளத்துல இருக்குன்னு முன்னாடியே எழுதி வச்சிருங்க, ராத்திரியில யாரு எந்தத் தெருவுக்கு போய் எழுப்புறதுன்னும் அப்பவே பேசி வச்சிருங்க, மைக்செட்டுக்கு கரண்ட் இருக்காது.