கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும்: பாம்புக்கடியில் குருதி உறைகிறதா என்று பார்க்கும் முறை

பெரும்போக நெல் வெட்டும் மாசி, பங்குனியில் இலங்கையின் வன்னி வைத்தியசாலைகளுக்குப் புடையன் (கண்ணாடி விரியன்) கடியோடு ஆட்கள் வருவார்கள். இரவில் ஐஎன்ஆர் (குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஆய்வுகூட அளவு) பார்க்க வசதியில்லாத இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாதியரும் வைத்தியரும் முதலில் கற்க வேண்டியது, கடிபட்டவரின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனை. பார்க்க மிக எளிது. அதனால்தான் இதில் அதிகம் பிழை நடக்கிறது.

புடையன் விஷத்திலுள்ள நொதியங்கள் குருதி உறைதலின் பத்தாம், ஐந்தாம் காரணிகளை முடுக்கிவிடும். உடம்புக்குள்ளேயே உறைதல் ஓயாமல் நடக்க, குருதியைக் கட்டியாக்கும் புரதமான பைபிரினோஜன் கரைந்து தீர்ந்துவிடும். அதன்பின் குழாயில் விடும் குருதிக்கு உறைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆக, நாம் நொதியத்தை நேரே அளக்கவில்லை; அது செய்துவிட்டுப் போன வேலையைப் பார்க்கிறோம்.

முதலில் குழாய். சாதாரணக் கண்ணாடி, சிறியது, புதியது, உலர்ந்தது. கண்ணாடிச் சுவர்தான் பன்னிரண்டாம் காரணியைத் தட்டி எழுப்பி உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்திக் குழாயில் அது ஒழுங்காக நடக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான். நல்ல குருதிகூட உறையாமல் நின்று வீணாகப் பயமுறுத்தும். ஊதா மூடிக் குழாயிலும் நீல மூடிக் குழாயிலும் உறைதலைத் தடுக்கும் மருந்து இருப்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். சிவப்பு மூடிப் பிளாஸ்திக் குழாய்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக உறைதலைத் தூண்டும் பூச்சு இருக்கும். அதில் உறையாத குருதியும் உறைந்ததுபோல் காட்டலாம். புதுப் பெட்டி உடைக்கும் அன்றே, சுகமாயிருக்கும் ஒருவரின் குருதியை அவர் சம்மதத்தோடு ஒரு குழாயில் விட்டுப் பாருங்கள். 20 நிமிடத்தில் உறையாவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். கடிபட்டவர் கட்டிலில் கிடக்கும்போது குழாயைச் சந்தேகிக்க நேரம் இருக்காது.

கையுறை போட்டுக்கொண்டு, கடிபடாத கையின் நாளத்தில் ஒரே குத்தில் எடுக்கப் பாருங்கள். ஊசியை உள்ளே விட்டுத் துழாவினால் இழையச்சாறு கலந்து, உறைதல் முடுக்கப்பட்டு முடிவு பிழையாகலாம். சேலைன் போகும் கனூலாவிலிருந்து எடுக்க வேண்டாம், ஐதாகிவிடும். கழுத்து, தொடை நாளங்களைக் குத்தவே கூடாது, குருதி நிற்காது. எடுத்த இடத்தைச் சாதாரணமாக அழுத்துவதைவிட அதிக நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

2 மில்லிலீற்றர் போதும். சிறிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றி, கூர்மைப் பெட்டியில் போட்டுவிட்டு, நுரைக்காமல் குழாயின் சுவரோடு மெல்ல விடுங்கள். அந்த நிமிடமே மணிக்கூட்டைப் பார்த்து, நேரத்தைக் குழாயிலேயே எழுதுங்கள். தாங்கியில் நிமிர்த்தி, அறை வெப்பத்தில் வையுங்கள்; ஏசிக்கு நேர் கீழேயும் வெயில் விழும் யன்னலோரத்திலும் வேண்டாம்.

பிறகு தொடாதீர்கள். கடினமான படி இதுதான். ஐந்தாம் நிமிடம் ஒருவர் சரித்துப் பார்ப்பார், பத்தாம் நிமிடம் இன்னொருவர். ஒவ்வொரு தடவையும் உருவாகும் கட்டி குழம்பும்.

20 நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை சரியுங்கள். கட்டி அசையாமல் நின்றால் உறைந்தது. தண்ணீராய் ஓடினால் உறையவில்லை. பாதி கட்டி, பாதி திரவம் என்றால் அதை ‘உறைந்தது’ என்று எழுதாமல், கண்டபடியே எழுதி, வைத்தியருக்குச் சொல்லி, இன்னொரு குழாயில் திரும்பச் செய்யுங்கள். ‘பொசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொற்களைக் கோப்பில் எழுதவே வேண்டாம். உறையாததுதான் பொசிட்டிவ், அடுத்த முறைக்கு வருபவர் அதைத் தலைகீழாக வாசிக்க ஒரு வினாடி போதும்.

உறையாவிட்டால் கடித்தது பெரும்பாலும் விரியன் குடும்பப் பாம்புதான். நாகமோ கட்டுவிரியனோ இப்படிச் செய்யாது. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்: கண்ணாடி விரியன் என்பது புடையன்தான், கட்டுவிரியனோ நாகத்தின் கூட்டம். இலங்கையில் பாவிக்கும் இந்திய அன்ரிவெனம் (விஷமுறிவு மருந்து) நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்குக்குமே உரியது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் மூக்கு வளைந்த குட்டைப் பாம்புக்கு அதில் மருந்தில்லை. அதன் கடியிலும் குருதி உறையாமல் போகலாம். ஆகவே அன்ரிவெனம் கொடுப்பது வைத்தியரின் முடிவு, குழாயினது அல்ல.

உறைந்தது என்றால் நிம்மதி அடைய வேண்டாம். இலங்கையில் வழமையான விடுதி வேலையில் செய்த சோதனைகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், புடையன் கடியால் குருதி உறையும் தன்மை கெட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினரை மட்டுமே இது பிடித்தது. விஷம் மெல்ல ஏறுபவர்களும் உண்டு. எனவே உங்கள் வைத்தியசாலை நடைமுறை சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பல்முரசில் கசிவு, சிறுநீரில் சிவப்பு, இமை சரிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 20 நிமிடம் முடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடியில் குருதி அழகாக உறையும், ஆள் மூச்சுவிட முடியாமல் போவார்.

அன்ரிவெனம் கொடுத்தபின் அடுத்த சோதனை 6 மணித்தியாலம் கழித்து. ஈரல் புதுக் காரணிகளைச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். அதற்கு முன் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பது பிழை.

மல்லாவியிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால், குருதி விட்ட நேரம், பார்த்த நேரம், கண்டது மூன்றையும் துண்டில் எழுதிவிடுங்கள். குழாயை அம்புலன்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம். வழியில் குலுங்கிய குழாயைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.