களத்தில் பழகிய கையோடு வளையத்துக்குள் நுழையும்போது: அணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அணியை அதன் சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவையிலேயே போட்டால் பூச்சிய அணி வரும் என்பது கெய்லி-ஹாமில்டன் தேற்றம். இதற்கு ஒரே வரியில் நிரூபணம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஒரு மாறியை அலகு அணியால் பெருக்கி, அதிலிருந்து 'அ' என்ற அணியைக் கழித்து அணிக்கோவை எடுத்தால் 'அ'வின் சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவை கிடைக்கும். மாறி இருந்த இடத்தில் 'அ'வையே போடு, உள்ளே பூச்சிய அணி, அதன் அணிக்கோவை பூச்சியம், முடிந்தது.

முடியவில்லை. அணிக்கோவை ஓர் எண். தேற்றம் பேசுவதோ ஓர் அணியைப் பற்றி. இது வெறும் சொல் பிடிவாதம் என்று தோன்றினால் அதே வாதத்தைச் சுவட்டுக்கு (மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்கு) செய்து பாருங்கள். மூலைவிட்டத்தில் 1, 2 உள்ள 2×2 அணியை எடுத்துக்கொள்வோம். மாறியை அலகு அணியால் பெருக்கி 'அ'வைக் கழித்தால் வரும் அணியின் சுவடு, மாறியின் இரு மடங்கில் 3 குறைவு. மேலே சொன்ன வாதம் செல்லும் என்றால், 'அ'வின் இரு மடங்கிலிருந்து அலகு அணியின் மும்மடங்கைக் கழித்தாலும் பூச்சியம் வர வேண்டும். வருவதோ மூலைவிட்டத்தில் −1, 1 உள்ள அணி.

சரியான வழி சேர்ப்பு அணி. எந்தச் சதுர அணியையும் அதன் சேர்ப்பு அணியால் பெருக்கினால், அந்தச் சதுர அணியின் அணிக்கோவையால் பெருக்கிய அலகு அணி கிடைக்கும். இதைப் பல்லுறுப்புக்கோவைகளால் ஆன அணிக்கே பயன்படுத்தி, மாறியின் ஒவ்வொரு படியிலும் குணகங்களை ஒப்பிட வேண்டும். கெய்லி 1858-இல் தேற்றத்தை அறிவித்தபோது சிறிய அணிகளுக்குத்தான் சரிபார்த்தார். பொதுவான நிரூபணம் 1878-இல் ஃப்ரோபீனியஸிடமிருந்து வந்தது. சேர்ப்பு அணி வாதத்தை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் எங்கேயும் வகுத்தல் இல்லை. ஆகவே எந்தப் பரிமாற்று வளையத்திலும் (கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடியும், முன்பின் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாது, வகுக்க மட்டும் முடிய வேண்டியதில்லை) அப்படியே நிற்கும்.

அணிகளை முதலில் மெய்யெண்களிலும் கலப்பெண்களிலும் கற்கிறோம். இவை களங்கள்: பூச்சியம் தவிர எதனாலும் வகுக்கலாம். பரிமாற்று இயற்கணிதத்தில் உறுப்புகள் வளையத்திலிருந்து வருகின்றன. அங்கே வகுத்தலுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் தரம், சார்பின்மை, நேர்மாறு என்று சொற்கள் மட்டும் மாறாமல் கூடவே வருகின்றன. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சொற்களை நம்பியதால் வந்தவை.

உதாரணமாக, 'அணிக்கோவை பூச்சியமல்ல, ஆகவே நேர்மாறு உண்டு.' முழு எண்களில் 2 என்ற 1×1 அணிக்கே இது பொய். வளையத்தில் நேர்மாறு வேண்டுமானால் அணிக்கோவைக்கு அந்த வளையத்துக்குள்ளேயே தலைகீழி இருக்க வேண்டும். 'பூச்சியமல்லாத வெக்டரைப் பூச்சியமாக்காது' என்று மட்டும் வேண்டுமானால், அணிக்கோவை பூச்சிய வகுத்தியாக (பூச்சியமல்லாத ஏதோ ஒன்றோடு பெருக்கினால் பூச்சியமாகும் உறுப்பாக) இல்லாதிருந்தால் போதும். களத்தில் ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டும் இங்கே தனித்தனி.

தரம் இன்னும் சிக்கல். மாடுலோ 6 எண்களில் (6-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்க்கும் எண்களில்), மூலைவிட்டத்தில் 2, 3 உள்ள அணியைப் பாருங்கள். முதல் நிரலை 3-ஆல் பெருக்கினால் பூச்சியம். இரண்டாம் நிரலை 2-ஆல் பெருக்கினாலும் பூச்சியம். எந்த நிரலும் தனியாகக்கூடச் சார்பற்றது இல்லை. அப்படியானால் தரம் பூச்சியமா? இரண்டு நிரல்களையும் கூட்டுங்கள். வரும் நிரலில் மேலே 2, கீழே 3. இதைப் பூச்சியமாக்கும் எண் 0 மட்டுமே. தனித்தனியே சார்புள்ள இரண்டின் கூடுதல் சார்பற்றதாக நிற்கிறது! நிரல்களை எண்ணித் தரம் சொல்லும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 1942-இல் மெக்காய் கொடுத்த வரையறை, ஒரே அளவுள்ள எல்லாச் சிற்றணிக்கோவைகளையும் (சில வரிசைகளையும் நிரல்களையும் மட்டும் எடுத்து வரும் அணிக்கோவைகளை) ஒருசேரப் பூச்சியமாக்கும் பூச்சியமற்ற உறுப்பு உண்டா என்று கேட்கிறது. அப்படி ஒன்று இல்லாத மிகப் பெரிய அளவே தரம். 2, 3 இரண்டையும் சேர்த்து எதுவும் பூச்சியமாக்காது. இரண்டாம் அளவில் அணிக்கோவையே பூச்சியம். ஆகவே தரம் 1.

மூலைவிட்டமாக்கலுக்கும் இதே கதி. மேல் வரிசை 1, 1. கீழ் வரிசை 0, −1. ஐகன் மதிப்புகள் 1, −1 என்று வெவ்வேறாக இருப்பதால் மூலைவிட்டமாகும் என்று உடனே எழுதிவிடுகிறோம். விகிதமுறு எண்களில் சரி. முழு எண்களில் இதன் ஐகன் வெக்டர்கள் (1, 0), (1, −2) ஆகியவையும் அவற்றின் மடங்குகளும் மட்டுமே. இரண்டையும் நிரல்களாக வைத்தால் அணிக்கோவை −2. நேர்மாறு முழு எண்களுக்குள் கிடையாது, ஆகவே மூலைவிட்டமாகாது.

அப்புறம் ஸ்மித் வடிவம்: நேர்மாறுள்ள அணிகளால் இருபுறமும் பெருக்கி, ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததை வகுக்கும் மூலைவிட்ட அணியாக மாற்றுவது. முழு எண்களுக்கும், களத்தின் மீது ஒரே மாறி கொண்ட பல்லுறுப்புக்கோவைகளுக்கும் அது அருமையாக வேலை செய்கிறது. முழு எண் குணகங்கள் உள்ள பல்லுறுப்புக்கோவைகளில் வேலை செய்யாது: மூலைவிட்டத்தில் 2 என்ற எண்ணும் மாறியும் உள்ள அணிக்கு ஸ்மித் வடிவமே இல்லை, ஏனென்றால் அந்த இரண்டும் சேர்ந்து உருவாக்கும் ஐடியலை (இரண்டையும் வளைய உறுப்புகளால் பெருக்கிக் கூட்டிப் பெறும் எல்லாவற்றின் கணத்தை) ஒற்றை உறுப்பால் உருவாக்க முடியாது.

ஒரு வரிசையின் உறுப்புகளின் சேர்க்கையாக 1-ஐப் பெற முடிந்தால், அந்த வரிசையை முதல் வரிசையாகக் கொண்டு நேர்மாறுள்ள சதுர அணி கட்டலாமா? முழு எண்களில் கட்டலாம். களத்தின் மீதான பல்லுறுப்புக்கோவைகளில் கட்டலாமா என்பது 1955-இல் பிரெஞ்சுக் கணிதர் செர் எழுப்பிய பெரிய கேள்வியின் இன்னொரு முகம். இரண்டு மாறிகளுக்கு 1958-இல் விடை சொன்னவர், காஞ்சிபுரத்தில் பிறந்து பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தை உருவாக்கிய சி. எஸ். சேஷாத்ரி. எத்தனை மாறிகளானாலும் முடியும் என்று 1976-இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிரூபித்தார்கள். ஆனால் இதை எல்லா வளையத்துக்கும் நீட்டக் கூடாது. கோளத்தின் மீதான மெய்க்குணகப் பல்லுறுப்புக்கோவைகளை வளையமாக எடுத்துக்கொண்டு, மூன்று ஆயங்களையும் ஒரு வரிசையாக வையுங்கள். அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 1. இதை நேர்மாறுள்ள அணியாக நிரப்ப முடிந்தால், இரண்டாம் வரிசை கோளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பூச்சியமாகாத ஒரு தொடுதிசையைத் தந்துவிடும். உருண்டை முழுக்க முடி இருந்தால் சுழி விழாமல் வாரிவிட முடியாது என்பதை இடவியல் எப்போதோ சொல்லிவிட்டது.

இனி, தேர்ந்தவர்களையும் வழுக்கிவிடும் இடம். ஓர் அணியின் வர்க்கம் பூச்சியம் என்றால் அதன் சுவடு பூச்சியம். களத்தில் ஐயமில்லாத உண்மை. மாடுலோ 4 எண்களில், மூலைவிட்டத்தில் 2, 0 உள்ள அணியின் வர்க்கம் பூச்சியம், சுவடு 2. என்ன நடக்கிறது? மேல் வரிசை க, ச; கீழ் வரிசை ட, த என்று 2×2 அணியை எழுதி வர்க்கப்படுத்துங்கள். க²+சட, ச(க+த), ட(க+த), த²+சட என்று நான்கு கோவைகள் கிடைக்கும். நான்குமே இரண்டாம் படி. சுவடான க+த முதல் படி. இரண்டாம் படிக் கோவைகளைப் பல்லுறுப்புக்கோவைகளால் பெருக்கிக் கூட்டி முதல் படிக் கோவை ஒன்றை ஒருநாளும் பெற முடியாது. ஆனால் சுவட்டின் மூன்றாம் படி அந்த நான்கு கோவைகளும் உருவாக்கும் ஐடியலுக்குள் வந்துவிடுகிறது. பத்து நிமிடக் கணக்கு, தாளில் போட்டுப் பாருங்கள். தீர்வுகளின் கணத்தைப் பார்த்தால் சுவடு பூச்சியம். சமன்பாடுகளைப் பார்த்தால் அது தெரியாது. 'இந்தக் கணத்தில் பூச்சியமாகிறது, ஆகவே ஐடியலில் இருக்கிறது' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்த வேண்டும்.

பரிமாறும் அணிகளைப் பற்றிய ஆய்வில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. இரண்டு அணிகள் பெருக்கலில் பரிமாறிக்கொண்டால், இரண்டும் ஏதோ மூன்றாம் அணி ஒன்றின் பல்லுறுப்புக்கோவைகள் என்று பலர் நினைக்கிறார்கள். 3×3-இல், முதல் வரிசை இரண்டாம் இடத்தில் மட்டும் 1 உள்ள அணியும், முதல் வரிசை மூன்றாம் இடத்தில் மட்டும் 1 உள்ள அணியும் பரிமாறும். ஆனால் அப்படி ஒரு மூன்றாம் அணி இல்லை. இருந்தும், பரிமாறும் இரண்டு அணிகள் உருவாக்கும் இயற்கணிதத்தின் (அவற்றையும் அலகு அணியையும் பெருக்கியும் கூட்டியும் பெறும் எல்லா அணிகளின் வெளியின்) பரிமாணம் அணியின் அளவைத் தாண்டாது என்று 1961-இல் கெர்ஸ்டன்ஹேபர் நிரூபித்தார். ஒரே அணிக்கு இந்த எல்லை கெய்லி-ஹாமில்டனிலிருந்தே வந்துவிடும்.

இந்த இரண்டையும் பார்த்து, எத்தனை அணிகளானாலும் இப்படித்தான் என்று தாவுவது அடுத்த தவறு. நான்கு அணிகளில் உடைந்துவிடுகிறது. 4×4 அணியின் மேல் வலது மூலையில் 2×2 கட்டம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதன் நான்கு இடங்களில் ஒவ்வொன்றிலும் 1 வைத்து நான்கு அணிகள் எழுதுங்கள். எந்த இரண்டின் பெருக்கலும் பூச்சியம், எனவே பரிமாறும். அலகு அணியோடு சேர்த்துப் பரிமாணம் 5.

இதே உதாரணம் இன்னொரு பழக்கத்தையும் உடைக்கிறது. 'ஒன்றாக மூலைவிட்டமாகும் அணிகளுக்குச் சரிபார்த்தால் போதும், மற்றவை அவற்றின் எல்லையாக வந்துவிடும்' என்போம். கலப்பெண்களில் பரிமாறும் இரட்டைகளுக்கு இது சரி. 1955-இல் மொட்ஸ்கினும் டவுஸ்கியும் காட்டினார்கள். ஆனால் மேலே சொன்ன நால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பற்ற ஐந்து அணிகளைச் சற்றே அசைத்தாலும் சார்பின்மை குலையாது. ஒன்றாக மூலைவிட்டமாகும் 4×4 அணிகளோ நான்கு பரிமாணத்தைத் தாண்ட முடியாது. ஆகவே அந்த நால்வரை அவற்றால் நெருங்கவே முடியாது.

கணினியில் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மெக்காலே2 போன்ற மென்பொருளில் வேகத்துக்காக 32003 போன்ற பகா எண்ணுக்கு மாடுலோவாகக் கணக்கிடுவது வழக்கம். கிடைத்த விடையைக் கலப்பெண்களுக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது. பெரிய பகா எண்ணில் விபத்து அரிதுதான், ஆனால் அரிது என்பது நிரூபணம் ஆகாது. மாடுலோ 2-இல், மேல் வலதில் மட்டும் 1 உள்ள 2×2 அணியையும் கீழ் இடதில் மட்டும் 1 உள்ளதையும் முன்பின் மாற்றி இரு விதமாகவும் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அலகு அணியே வந்துவிடும். கலப்பெண்களில் எந்த இரண்டு அணிகளுக்கும் அது நடக்காது, சுவடு விடாது: அப்படிக் கழித்து வரும் அணியின் சுவடு எப்போதும் பூச்சியம், அலகு அணியின் சுவடு பூச்சியமல்ல.

மீதி இருப்பது மூன்று அணிகள். பரிமாறும் மூன்று அணிகள் உருவாக்கும் இயற்கணிதத்தின் பரிமாணம் அளவைத் தாண்டுமா என்பது இன்னும் திறந்த கேள்வி. கலப்பெண்களில் அளவு 10 வரை எல்லா மும்மைகளையும் மூலைவிட்டமாகும் மும்மைகளால் நெருங்க முடியும், 29 முதல் முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, 29-இல் எதிர்மறை விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நெருங்க முடிந்தால் பரிமாண எல்லை உண்மை. நெருங்க முடியாவிட்டால் அந்தப் பரிமாண எல்லையைப் பற்றி எதுவும் தெரியாது. பரிமாற்று இயற்கணித மொழியில் இது மூன்று மாறிப் பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மீதான ஒரு மாட்யூலைப் (வெக்டர் வெளி போன்றது, ஆனால் களத்தின் எண்களுக்குப் பதில் வளைய உறுப்புகளால் பெருக்குவது) பற்றிய கேள்வி. ரஜ்கோட், சட்ரியானோ ஆகியோர் அந்த மொழியில்தான் சில வகை மாட்யூல்களுக்கு எல்லை உண்மை என்று காட்டினார்கள். இதில் நுழைகிறவர்கள் முதல் பக்கத்திலேயே 'மாட்யூல் ஒரே உறுப்பால் உருவாவதாகக் கொள்வோம்' என்று எழுத ஆசைப்படுவார்கள். அப்படிக் கொண்டால் பரிமாணமும் அளவும் சமமாகிவிடும். கேள்வி முழுக்க இருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் தேவைப்படும் மாட்யூல்களில்தான்.