யானை இன்னும் போகலை: பிள்ளைகளுக்குப் புயல் சொல்லிக்கொடுக்க

வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் புயல் கதையைத் தொடங்கிவிடுவேன். ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வுச் செய்தி வந்தபிறகு தொடங்கினால் கதை ஏறாது, பயம்தான் ஏறும்.

முதலில் யானை. 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜாவுக்கு யானை என்றுதான் பொருள். அன்றிரவு காற்று சட்டென்று ஓய்ந்ததும், எல்லாம் முடிந்தது என்று என் சித்தப்பா மாட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி அடித்தது. தொழுவத்தின் மேல் தென்னை சாய்ந்தது. அவர் பிழைத்தது தெய்வச்செயல். நடுவில் வந்த அந்த அமைதிதான் புயலின் கண். பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தர முடியும் என்றால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

வாயால் சொன்னால் விளங்காது, விளையாட வேண்டும். நாலைந்து பழைய புடவைகளை நுனியோடு நுனி முடிந்து வளையமாக்குங்கள். அதுதான் யானை. பத்துப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிராக, ‘ஊ...’ என்று ஊதியபடி சுற்றட்டும். ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டியாகத் திடல் நடுவில் உட்கார வேண்டும். சுற்றிக்கொண்டே வளையம் கடல் பக்கமிருந்து மேற்கே நகரட்டும். முன்பக்கம் ஆட்டுக்குட்டியைக் கடக்கும்போது புடவையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளலாம். அங்கே ஓடுகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவார்கள்; அது வாடை. ஆட்டுக்குட்டி வளையத்துக்குள் வந்ததும் எல்லோரும் வாயை மூட வேண்டும். இந்த இடத்தில் ஆட்டுக்குட்டி எழுந்து ஓடப் பார்க்கும், வருஷம் தவறாமல். “உக்காரு, யானை இன்னும் போகலை!” என்று மற்றவர்கள் கத்த வேண்டும். பின்பக்கம் கடக்கும்போது காற்று தெற்கிலிருந்து அடிக்கும்.

யானையைக் கெட்டதாக்கிவிடாதீர்கள். வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் ஆவிதான் அதற்குத் தீனி, தரைக்கு வந்தால் தீனி இல்லாமல் மெலிந்துவிடும் என்று சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

எறும்பு முட்டையோடு மேடேறுவதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். “நம்ம முட்டை எது?” என்று கேளுங்கள். ரேஷன் கார்டு, பாட்டி மாத்திரை, டார்ச் என்று அவர்களே அடுக்குவார்கள். ஒரு பாலித்தீன் பையில் போட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐயும் எழுதி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். எறும்பைப் பார்த்துப் புயலை முடிவு செய்யக் கூடாது, அதற்கு வானிலை அறிவிப்பு இருக்கிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

வெள்ளம் வந்தால் பாம்பும் வரும். நம்மைப் போல மேடு தேடித்தான் அதுவும் வீட்டுக்குள் வந்தது. கீற்றிலும் விறகிலும் கையை விடாதே, பெரியவங்களைக் கூப்பிடு. அறுந்து விழுந்த மின்கம்பியையும் இதே கதையில் சேர்த்துவிடுவேன். செத்த மாதிரிக் கிடக்கிற பாம்பு அது, பக்கத்துத் தண்ணீரில்கூடக் கால் வைக்காதே.

“டீச்சர், எல்லாரும் முகாமுக்குப் போயிட்டா எங்க ஆட்டை யாரு பாப்பா?” இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. கட்டிப்போட்ட ஆடு தண்ணீர் ஏறினால் தப்பாது. அதனால் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் பழக்குகிறேன். ஆறு வயதுக் கைக்கு முதல் நாள் வராது; எந்த நுனியை இழுப்பது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பார்கள். புயலன்று ஆட்டை அவிழ்த்துவிடுவது வீட்டுப் பெரியவர் வேலை. கிளம்புமுன் “ஆட்டை அவுத்தாச்சா?” என்று கேட்பது பிள்ளையின் வேலை.