தாமிரபரணிப் பக்கம் அணை, அருவி, குளம்: போகும் முன்பும் போன இடத்திலும்

கிளம்புகிற அன்று காலையில் நாளிதழின் நெல்லை, தென்காசிப் பக்கத்தில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பவை முழு உயரங்கள். அன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் கூடவே அச்சாகியிருக்கும். பேப்பரில் பாபநாசம் அணை என்று வருவதையே ஊர்க்காரர்கள் காரையாறு அணை என்பார்கள். இரண்டு அணை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

குளிக்கப் போகிறவருக்கு முக்கியம் மட்டத்தைவிட வெளியேற்றம்தான். ஆயிரம் கன அடி என்றால் நொடிக்குச் சுமார் 28,300 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி மூன்றை ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்ப்பது போல. நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் இரட்டிப்பாகியிருந்தால் அன்று ஆற்றில் இறங்குவதை விட்டுவிடுங்கள். பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்தவை. சேர்வலாறு சிறிய அணை என்பதால் மலையில் மழை பெய்தால் அதன் மட்டம் மளமளவென்று ஏறும். அது தாவி ஏறியிருக்கிறது, பாபநாசமும் நிரம்பும் நிலையில் இருக்கிறது என்றால் உபரி நீர் எந்த நேரமும் திறக்கப்படலாம்.

பாபநாசத்தில் மின்நிலையமும் இருக்கிறது. மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும் நேரத்தில், மலையிலும் கீழேயும் நல்ல வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். ஜூன் முதல் கார் நெல் சாகுபடிக்கும், ஐப்பசிக்குப் பிறகு பிசான நெல் சாகுபடிக்கும் தண்ணீர் திறப்பார்கள். திறந்த நீர் பாபநாசம் படித்துறைக்குச் சீக்கிரமே வந்துவிடும். நெல்லைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். காலையில் முழங்கால் அளவு இருந்த துறையில் மாலையில் மார்பளவு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த மாதம் எங்கே

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம். குற்றாலத்துச் சீசன் இதுதான். சாரலோடு மிதமாகத் தண்ணீர் விழும் நாட்கள் இதில்தான் அதிகம். வார நாளில் விடிகாலையில் போனால் பேரருவியிலும் நெருக்கமில்லாமல் நிற்கலாம். சனி, ஞாயிறு வரிசையில் நிற்பதைவிடப் போகாமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கட்சி. எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு அங்கே தடை உண்டு. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணை 36 அடிதான். அதனால் இந்த வட்டாரத்தில் முதலில் நிரம்பி வழிவதும் அதுவே. வழியும்போது பார்க்க அழகு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். மணிமுத்தாறு பெரும்பாலும் இந்த மழையில்தான் நிரம்பும். அருவிகளில் அடிக்கடி தடை போடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, ஆற்றுக் கரை ஊர்கள் பல மூழ்கின. இந்த மாதங்களில் பயணத்தை அருவியை நம்பி வகுக்காமல் கோயில், குளம் என்று மாற்றி வகுப்பது புத்திசாலித்தனம்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஆறு தெளிந்து ஓடும். படித்துறைக் குளியலுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் குற்றாலம் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். ஆனாலும் பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவியில் தண்ணீர் இருக்கும். கோடை மழையை மட்டும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனது.

போகும் வழி

நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயிலில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் மூன்றும் ஆற்றை ஒட்டிய நிலையங்கள். அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசமும் மணிமுத்தாறும் சுமார் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கின்றன. நெல்லையிலிருந்து பேருந்திலேயே பாபநாசம் வரலாம், சுமார் 50 கிலோமீட்டர்.

அகஸ்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு அருவி எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. சோதனைச் சாவடியில் வண்டியைச் சோதித்துத்தான் விடுவார்கள். பிளாஸ்டிக், மது இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கிலோ வாழை இலைப் பொட்டலமாகவோ கொண்டுபோகலாம். பையை ஜிப் போட்டு மூடி வையுங்கள், குரங்குகள் விடாது. நேரக் கட்டுப்பாடு உண்டு. காலையிலேயே உள்ளே போய், மாலைக்கு முன் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். மழை, வெள்ளம், காட்டுத்தீ, கணக்கெடுப்பு என்று எந்தக் காரணத்துக்கும் பாதையை மூடலாம், அதனால் முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாற்றுப் பாதையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும். தனியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். குளிப்பதற்காக மட்டும் அந்த வாரத்தில் அந்தப் பாதையில் போகாதீர்கள். காரையாறு அணைக்கு அப்பால் உள்ள பாணதீர்த்த அருவிக்குப் படகு கிடைக்கும் என்று பழைய நினைப்பில் கிளம்புவதும் வீண்.

அணைக்குள் ஏன் இறங்கக் கூடாது

அணைகள் பார்ப்பதற்கு. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதுதான் விதி. நீர் வற்றும்போது கரையோரத்தில் காய்ந்த மண் போலத் தெரிவது மேல் பொருக்கு மட்டும்தான். அடியில் சகதி தொடைவரை இழுக்கும். மதகுப் பக்கம் நீர் மேலே அசையாமல் இருக்கும், கீழே உறிஞ்சும். மூழ்கிய மரங்களின் கிளைகள் கண்ணுக்குத் தெரியாது.

ஆற்றின் தடுப்பணைகள் இன்னும் ஆபத்தானவை. கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு உண்டு. தாழ்வான சுவரைத் தாண்டித் தண்ணீர் விழுவதைப் பார்த்தால் குழந்தைகள் விளையாடுகிற இடமாகத் தோன்றும். விழுகிற நீர் அடியில் போய் மேலெழுந்து மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். சிக்கியவரை அது வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பணைக்கு மேல் பக்கமாகட்டும், கீழே விழும் இடமாகட்டும், நன்றாக விலகி, ஊர்க்காரர்கள் தினமும் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள்.

கசம்

ஆற்றில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கரும்பச்சை நிறத்தில் அமைதியாகக் கிடந்தால் அது கசம், அதாவது ஆழமான பள்ளம். பாறைக்கு அடியில் குடைந்திருக்கும். சில இடங்களில் மணல் அள்ளிய குழியும் கசமாகியிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வருகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவது இங்கேதான். மணிமுத்தாறு அருவிக்கு முன்னால் இருக்கும் தடாகம் மிக ஆழமானது. பார்வைக்குக் குளம் போல இருப்பதால் ஏமாறுகிறார்கள். அங்கே கம்பித் தடுப்பைத் தாண்டாமல் குளியுங்கள்.

புதுத் துறையில் இறங்கும் முறை: முதலில் அங்கே துவைத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணாச்சி, இங்கன கசம் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் கை காட்டும் பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பிறகு ஒரு நீளக் கம்பால் முன்னால் ஊன்றிப் பார்த்து, ஓர் அடி, அடுத்த அடி என்று நடந்து இறங்குங்கள். தலைகீழாகப் பாய்வது வேண்டவே வேண்டாம். பாறையில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தால் நீச்சல் உதவாது. குளிக்கும்போது பாசி படிந்த கல்லில் நிற்காதீர்கள், சொரசொரப்பான கல்லாகத் தேடுங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டி உள்ள செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடலாம்.

இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது மூழ்கினால் எல்லோரும் கரையேற வேண்டும். தெளிந்த நீர் செந்நிறமாகக் கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் மாறிக் கேட்பது ஆகியவையும் அதே எச்சரிக்கைதான். சாமான் எடுக்கத் திரும்பாதீர்கள். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றி நீர் ஏறியிருப்பதைப் பார்த்தால் அன்றைய குளியல் வீட்டுக் குழாயில்தான்.

பாபநாசம் படித்துறையில் இன்னொரு தொல்லை உண்டு. பரிகாரம் என்று விட்ட துணிகள் அடியில் கிடந்து காலில் சுற்றும். நீங்களாவது துணியை விடாமல் திரும்புங்கள். சாமி கோபிக்காது.

குளங்கள்

கிராமத்துக் குளங்களில் கோடையில் கரம்பை மண் வெட்டிய குழிகள் மழை வந்ததும் நீருக்கடியில் மறைந்துவிடும். அல்லி, தாமரைக் கொடிகளும் காலைப் பின்னும். வற்றிச் சூடேறிய தேங்கிய நீரில் முங்கி மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். 2024இல் கேரளத்தில் அச்சமூட்டிய மூளை அமீபா அப்படிப்பட்ட நீரில்தான் வளரும்.

குளத்தை ரசிக்க வேறு வழி இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் பைனாகுலரோடு விடியற்காலையில் போங்கள். ஊருக்குள்ளேயே மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். பட்டாசு வெடிக்காமல் அந்த ஊர்க்காரர்கள் காக்கிற பறவைகள் அவை. ஹாரன் அடிக்காதீர்கள், கூட்டுக்கு அடியில் நிற்காதீர்கள். கடனா நதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரிலும் பறவைகளையும் ஆற்றையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஒருவர் மூழ்கினால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். பிடித்துக்கொண்டு இருவரையும் இழுத்துவிடுவார். வேட்டி, சேலை, கயிறு, மூடிய காலிக் கேன் எதையாவது எறிந்து இழுங்கள். பத்து, பதினைந்து மீட்டர் நைலான் கயிறும் காற்றடைத்த ட்யூபும் வண்டியில் இருந்தால் போதும். கூட வந்தவரில் ஒருவர் குளிக்காமல் கரையிலேயே நிற்க வேண்டும், அவருக்கு அதுதான் வேலை.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். வேறொருவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும். மலைமேல் சிக்னல் கிடைக்காது, ஆகவே ஒருவரைச் சாவடிக்கு அனுப்புங்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், நுரையீரலில் புகுந்த நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியும்.