ஜாஸ் இசைத்தட்டு சேர்க்க ஆசையா? அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.வி., இளையராஜா எல்.பி.களில் ஆரம்பித்து, மெல்ல ஜாஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எதை வாங்கறதுங்க?" பட்டியல் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். நான் சொல்வது வேறு வழி: வாசித்தவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டே ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது.

1. கருவி

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் மலிவு பிளேயரை மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் ஊசி கனமாக அழுத்தும், தட்டு சீக்கிரம் தேயும். ஊசியின் எடையைத் திருகிச் சரிசெய்யக்கூடிய டர்ன்டேபிள் வேண்டும். பொதுவாக 1.5 முதல் 2 கிராம் வரை இருக்கும். கார்ட்ரிட்ஜுடன் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. ஆம்ப்ளிஃபயரில் போனோ இன்புட் (டர்ன்டேபிளைச் செருகும் இடம்) இல்லையென்றால் தனியாக ஒரு போனோ ப்ரீ-ஆம்ப் தேவைப்படும். இல்லாவிட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

2. முதல் தட்டு, அப்புறம் பெயர்கள்

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) வாங்குங்கள். எல்லாரும் சொல்வதுதான், ஆனால் காரணம் வேறு. அட்டையைத் திருப்பிப் பெயர்களைப் படியுங்கள்: டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி, பியானோ பில் எவன்ஸ் (ஒரு பாட்டில் மட்டும் வின்டன் கெல்லி), பேஸ் (கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். ஒவ்வொரு பெயரும் ஒரு கிளைச்சாலை.

பால் சேம்பர்ஸையே எடுத்துக்கொள்வோம். பேஸ் வாசிப்பவரை யார் கவனிக்கிறார்கள்! ஆனால் அவர் பின்னாலேயே போனால் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' (1957) வந்துவிடும். அதில் ட்ரம்பெட் வாசிப்பது லீ மார்கன், அப்போது வயது 19. அவரைப் பிடித்தால் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் ப்ளேக்கியின் 'மோனின்' (1958 பதிவு). அங்கே பியானோவில் பாபி டிம்மன்ஸ். அந்தத் தலைப்புப் பாட்டே அவர் எழுதியதுதான். இந்த மூன்று தட்டில் ஐம்பதுகளின் கடைசி எப்படி ஒலித்தது என்று காதுக்குப் பிடிபட்டுவிடும். பட்டியலைப் பார்த்து இருபது தட்டு வாங்கினால் இது நடக்காது.

3. எங்கே தேடுவது

கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர்களிடம் பழைய தட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஆனால் அவை சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. பாடிப் பாடித் தேய்ந்தும் இருக்கும். ஜாஸுக்கு அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வால்பாறை, குன்னூர் எஸ்டேட் பங்களாக்கள், பழைய மில் குடும்பங்கள் வீடு காலி செய்யும்போது வெளியே வரும் பெட்டிகள், இவற்றில்தான் வாய்ப்பு அதிகம். லேபிளில் 'டம்டம்' என்று போட்டிருந்தால் கல்கத்தா பக்கத்துத் தொழிற்சாலையில் அச்சானது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

மற்றபடி ஆன்லைனில் புது மறுபதிப்புதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேரும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக ஆர்டர் போட்டால் தபால் செலவாவது குறையும்.

4. கையில் எடுத்துப் பார்ப்பது

தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். போன் டார்ச்சைப் போட்டுத் தட்டைச் சாய்த்துத் திருப்புங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. விரல் நகத்தை மெதுவாக ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும்.

அப்புறம் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். ப்ளூ நோட் கம்பெனியின் பழைய தட்டுகளில் அங்கே 'ஆர்.வி.ஜி.' என்ற எழுத்துகள் இருக்கலாம். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் முத்திரை அது. முதலில் நியூ ஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தவர். காது மடல் போல ஒரு சின்னக் குறியும் இருந்தால், அறுபதுகளின் நடுவில் கம்பெனி கைமாறுவதற்கு முன் அச்சானது என்று பொருள். அந்தக் குறிக்குத்தான் ஆட்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டாம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவின்போது முதல் பக்கத்துக்கான டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அந்த டேப்பை வழக்கமான வேகத்தில் ஓட்டியதால் பழைய அச்சுகளில் அந்தப் பக்கத்து மூன்று பாட்டும் சற்றே சுருதி ஏறிக் கேட்கும். 1992இல்தான் திருத்தினார்கள். விலை உயர்ந்த முதல் அச்சில் சுருதி தப்பு. இப்போது வருகிற மறுபதிப்புகள் பெரும்பாலும் சரி.

5. கழுவுவதும் வைப்பதும்

டிஸ்டில்டு வாட்டரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு தங்கும். வரிப்பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கனமான பழைய 78 தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றில் ஆல்கஹால் கலந்த எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் பரணில் போட்டால் தட்டு வளைந்துவிடும். ஆடிக்காற்றில் தூசி வராமல், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பார்த்த ஜன்னலைச் சாத்துங்கள்.

6. கூடி உட்கார்ந்து பேசுவது

நாலு பேர் போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம், ஏறக்குறைய இருபது நிமிடம். ஓடும்போது பேச்சு கிடையாது. விலை, முதல் அச்சு பற்றிய பேச்சைக் காபி நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதிலேயே பொழுது போய்விடும்.

பேச என்ன இருக்கிறது என்று புதியவர்கள் தயங்குவார்கள். 'ஸோ வாட்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். பேஸ் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார்கள். வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட, ஆடுகிறவர்கள் வாங்கிப் பாடுவது போலத்தான். நாலு அடி கொண்ட ஆவர்த்தனமாக எண்ணுங்கள்: எட்டு, மறுபடி எட்டு, மூன்றாவது எட்டில் எல்லாம் அரைச்சுருதி மேலே ஏறும், நான்காவதில் இறங்கிவிடும். இந்த 32 திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது எட்டு வரும்போது ஒவ்வொருவரும் கை தூக்கட்டும். முதல் தடவை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தூக்குவார்கள், சிரிப்பாக இருக்கும். அப்புறம் சேர்ந்துவிடும்.

ஸ்டீரியோவில் கேட்டால் கோல்ட்ரேன் இடப்பக்கம், ஆடர்லி வலப்பக்கம். இரண்டு சாக்ஸபோனையும் பிரித்தறிய இதைவிட எளிய பாடம் இல்லை. யார் வாசிப்பில் அவசரம் தெரிகிறது, யாருடையது சிரித்துக்கொண்டே பேசுவது போல இருக்கிறது என்று கேளுங்கள். விவாதம் தானாகக் கிளம்பும்.

கொஞ்சம் பழகியதும் அட்டையை மறைத்துவிட்டு யார் வாசிக்கிறார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க இசைப் பத்திரிகையாளர் லெனர்ட் ஃபெதர் நாற்பதுகளிலேயே பெரிய கலைஞர்களை வைத்து நடத்திய விளையாட்டு இது. பெரிய பெயருக்குத் தலையாட்டும் பழக்கம் இதில் ஒரே மாலையில் போய்விடும்.

அதற்கு நல்ல தட்டு, டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் பதிவு செய்த 'பாடி அண்ட் ஸோல்'. 78 தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் மூன்று நிமிடம்தான். சில வரிகளிலேயே மெட்டை விட்டுவிட்டு, முடியும்வரை சொந்தமாகவே கட்டிக்கொண்டு போவார். எந்த இடத்தில் மெட்டு மறைந்தது என்று எல்லாரையும் சொல்ல வையுங்கள். பதில்கள் ஒத்துப்போகாது. உடனே மறுபடியும் போட்டு, இந்தத் தடவை பின்னால் ஓடும் பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.