மலை வீட்டுக்குப் புது ஜன்னல்: தண்ணீருக்கு வழி வையுங்கள்

நீலகிரியில் ஜன்னல் மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது யூபிவிசியா (கெட்டி பிளாஸ்டிக்) அலுமினியமா, சதுர அடி என்ன விலை என்பதுதான். ஆனால் இங்கே ஜன்னல் ஒழுகுவது பெரும்பாலும் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் விரல்கடை இடைவெளியில். சாரலைக் காற்று பக்கவாட்டில் கொண்டுவந்து அடிக்கிற ஊர் இது, தண்ணீர் எப்படியும் நுழையத்தான் பார்க்கும். அது திரும்ப வெளியே போக வழி வைப்பதுதான் பாதி வேலை.

வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது), குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்தான் பயம். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் மழையை வாங்குகிறதோ அந்தப் பக்க ஜன்னலுக்கு முதலில் செலவு செய்யுங்கள், மற்றவை அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம்.

பழைய தேக்கு நிலையை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். கீழ் மூலைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், இறங்கவில்லை என்றால் நிலை நன்றாக இருக்கிறது, கதவுகளை மட்டும் மாற்றினால் போதும். முழுசாக மாற்றுவதென்றால் யூபிவிசி நல்லது. சாதாரண அலுமினியம் குளிரை அப்படியே உள்ளே கடத்தும், டிசம்பர் காலையில் உள்பக்கம் வியர்த்துச் சுவரில் வழியும். பக்கவாட்டில் தள்ளுகிற (ஸ்லைடிங்) ஜன்னல் வேண்டாம் என்பேன். காற்றோடு வரும் மழையை அது அவ்வளவாகத் தாங்காது, குரங்கும் சுலபமாகத் தள்ளித் திறந்துவிடும். கீல் வைத்து வெளியே திறக்கும் கதவும் உள்பக்கம் கம்பி கிரில்லும்தான் சரி. கரடி வரும் பகுதி என்றால் கிரில்லை நிலையில் திருகாமல் சுவரில் பதித்துவிடுங்கள்.

இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர், காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடுகிறதே, அதே மாதிரி கீழே அடைத்து மூடிய கண்ணாடியும் மேலே வந்ததும் வெளிப்பக்கம் புடைக்கும், ஓரத்து ஒட்டு விடும், சில சமயம் விரிசலே விழும், அப்புறம் நடுவில் பனி படர்ந்தால் துடைக்க வழியே கிடையாது. ஆர்டர் கொடுக்கும்போதே எந்த உயரத்தில் மாட்டப் போகிறீர்கள் என்று சொல்லி, காற்றழுத்தம் சமமாவதற்கான மெல்லிய குழாய் வைத்துத் தரச் சொல்லுங்கள். குழாய் திறந்திருந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நிரப்பும் ஆர்கான் வாயு நிற்காது, அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் மூன்று இடத்திலும், மூலைவிட்டம் இரண்டையும் எடுங்கள். பழைய கல் சுவரில் எந்த மூலையும் நேராக இருக்காது. கிடைத்ததில் சின்ன அளவை எடுத்து, அதில் 10 மி.மீ. கழித்துக் கொடுங்கள்.

நிலையை வைக்கும் முன் அதன் அடியில் வரும் கீழ்க்கட்டைக் கல்லைப் பாருங்கள். வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், சுவரைத் தாண்டி 4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அடியில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளம்) வெட்டியிருக்க வேண்டும். அந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியிலேயே ஊர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். கொத்தனார் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம் நிலையைப் பேக்கர் (இடைவெளியில் செருகும் சின்னத் துண்டு) கொடுத்து நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, மூலையிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு திருகு, அதன்பின் 60 செ.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று. மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் என்றால் செங்கல்லில் துளை போடுங்கள், இணைப்பில் போட்டால் பிடிக்காது. இடைவெளியில் ஃபோம், அதற்கு வெளியே சிலிக்கான். வினிகர் வாடை வருகிற சிலிக்கான் சிமெண்ட் பூச்சில் சரியாக ஒட்டாது, நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். உறைபனிக் காலையில் ஈரச் சுவரில் எதுவும் ஒட்டாது, வெயில் ஏறிச் சுவர் காய்ந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

நிலையின் அடியில் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். தடத்தில் தேங்கும் தண்ணீர் வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

இறுக்கமான ஜன்னல் வந்த பிறகு அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதை அடியோடு நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த மலைகளில் அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கேஸ் கீசர் இருக்கும் குளியலறையில் மூட முடியாத காற்றுத் துவாரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

முடிந்ததும் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பக்கமும் சில நிமிடம் தண்ணீர் அடியுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று பார்க்கட்டும். எந்த உயரத்தில் அடிக்கும்போது ஈரம் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை. மேலே அடிக்கும்போது மட்டும் வந்தால் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். மீதிப் பணம் இதற்குப் பிறகுதான்.