அகச்சிவப்பு சென்சாரை வைத்து ஏசி வோல்டேஜைத் துல்லியமாக அளப்பது எப்படி?

மலிவான மல்டிமீட்டரில் சதுர அலையை அளந்தால் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். சராசரியை எடுத்து, வருவது சைன் அலைதான் என்று நம்பி 1.11-ஆல் பெருக்குவதுதான் காரணம். ரெசிஸ்டருக்கு அலையின் வடிவம் பொருட்டே இல்லை. ஆர்எம்எஸ் (ஏசியின் சூடாக்கும் திறனைச் சொல்லும் அளவு) 3 வோல்ட் ஏசியும் 3 வோல்ட் டிசியும் அதை ஒரே அளவுதான் சூடாக்கும். அந்தச் சூட்டைத் தொடாமல் பார்த்து, அதே சூட்டைத் தரும் டிசியை அளப்பதுதான் நம் வேலை.

பொருள்கள்: 100 ஓம், கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், எம்எல்எக்ஸ்90614 என்ற அகச்சிவப்பு சென்சார், அதன் ரீடிங்கைப் படிக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, இருவழி சுவிட்ச், மாற்றக்கூடிய டிசி சப்ளை, டிசியை நன்றாக அளக்கும் மல்டிமீட்டர், மூடியுள்ள சிறு டப்பா.

1. ரெசிஸ்டருக்கு மேட் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். பளபளப்பான இடம் எதிரில் இருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கும்.

2. சென்சாரை 2 மிமீ தள்ளிப் பொருத்துங்கள். சாதாரண மாடலின் பார்வைக் கோணம் 90 டிகிரி. 2 மிமீ தூரத்திலேயே 4 மிமீ வட்டத்தைப் பார்க்கும், டப்பாவின் சுவரும் கொஞ்சம் தெரியும். பரவாயில்லை, நமக்கு உண்மையான வெப்பநிலை தேவையில்லை. ஏசிக்கும் டிசிக்கும் வரும் ரீடிங் ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் இடையில் எதுவும் அசையக் கூடாது. காற்றுப் பட்டாலே ரீடிங் ஆடும், அதனால் டப்பாவை மூடிவிடுங்கள்.

3. ஏசியைக் கொடுத்து, ரீடிங் நிலைக்கும்வரை சில நிமிடம் விடுங்கள். 100 ரீடிங்குக்குச் சராசரி எடுங்கள். 4 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். வீட்டு 230 வோல்ட்டை இதில் கொடுக்கவே கூடாது.

4. சுவிட்சைச் சட்டென டிசிக்கு மாற்றி, அதே சராசரி வரும்வரை வோல்டேஜைத் திருப்புங்கள். ரெசிஸ்டரின் கால்களிலேயே அளந்து குறியுங்கள். பிறகு டிசியின் முனைகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் விடை.

5. கடைசியில் மறுபடி ஏசி. முதல் ரீடிங் திரும்ப வராவிட்டால் இடையில் டப்பாவோ சென்சாரோ சூடேறியிருக்கிறது. அந்தச் சுற்றைத் தூக்கிப் போடுங்கள்.

சென்சாரின் நுண்மை 0.02 டிகிரி. சூடு 10 டிகிரி ஏறினால் அது 0.2 சதவீதம்; சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வோல்டேஜில் பிழை அதில் பாதிதான், 0.1 சதவீதம். 1 டிகிரி மட்டும் ஏறினால் 1 சதவீதமாகிவிடும். எனவே சின்ன வோல்டேஜுக்குச் சின்ன ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 50 ஓம் வெளியீடுள்ள சிக்னல் ஜெனரேட்டர் என்றால், சுமையில்லாதபோது 6 வோல்ட் தருவது இந்த 100 ஓமில் 4 வோல்ட்டாக இறங்கும். அது சாதனத்தின் கோளாறு அல்ல.

சரிபார்க்க, ரெசிஸ்டரில் உச்சம் 3 வோல்ட் வருமாறு சைன் அலை கொடுங்கள்: 2.12 வோல்ட் டிசிக்குச் சமமாக வர வேண்டும். அதே உச்சத்தில் இருபுறமும் சமமான சதுர அலை 3 வோல்ட்டுக்குச் சமம். விடை தவறினால், ஜெனரேட்டரில் டிசி ஆஃப்செட் (அலையோடு சேர்ந்து வரும் நிலையான டிசி) ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.